மைக்கை மாற்றும் முன் கைதட்டிப் பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய ஆசை. மடிக்கணினி இருக்கிறது. விசாரித்தால் புதுக் கணினி, மிக்ஸர், பெரிய ஸ்பீக்கர் என்று பட்டியல் நீள்கிறது. எதெல்லாம் அவசியம்?

பதில்: பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். மைக், அதற்கு ஸ்டாண்டும் கேபிளும், ‘ப’ போன்ற எழுத்துகளில் மைக்கில் மோதும் மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன், ஆடியோ இன்டர்ஃபேஸ். தொடங்க இவ்வளவு போதும். மைக்கிலிருந்து வரும் மெலிந்த மின்னலையைப் பெருக்கி, எண்களாக்கி, யு.எஸ்.பி. வழியே கணினிக்குத் தருகிற சிறு பெட்டிதான் இன்டர்ஃபேஸ். இரண்டு உள்ளீடு இருந்தால் குரலும் கிட்டாரும் ஒன்றாகப் பதிவாகும். பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் மேசைக்குக் கம்பீரம் தரும், மறுக்கவில்லை. ஒருவர் பாட அது எதற்கு? குரலை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தடம் தடமாக அடுக்கி இசையமைக்க ரீப்பர், மேக் என்றால் கராஜ்பேண்ட். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள்.

கேள்வி: நல்ல விலை கொடுத்துக் கண்டென்சர் மைக் வாங்கினேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பதிவாகிறது. மைக்கை மாற்றலாமா? சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறார் நண்பர்.

பதில்: மைக் மேல் தவறில்லை. அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகும் ஒரு கிணுகிணுப்பு மிஞ்சுகிறதா? அதுதான் உங்கள் பாட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கண்டென்சர் நுட்பமான காது கொண்டது. வெற்றுச் சுவரில் மோதித் திரும்பும் ஒலியையும் விடாமல் பிடிக்கும்.

துணி அலமாரி, மெத்தை, கனத்த திரை உள்ள அறைக்கு மாறுங்கள். தடித்த போர்வை ஒன்றை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். பலர் அதை மைக்குக்குப் பின்னால் மட்டும் கட்டிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். கார்டியாய்டு மைக் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். அதன் முன்பக்கம் இருப்பது நீங்களும் உங்கள் பின்னால் உள்ள சுவரும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். இன்னும் நெருங்கினால் கீழ்க்குரல் ஊதிப் பெருக்கும்; தள்ளிப் போகப் போக அறை உங்களை முந்தும்.

முட்டை அட்டையை முட்டைக்கே விட்டுவிடுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். மெல்லிய காகித அட்டை அதை என்ன செய்துவிடும்? கீழ்ச் சுருதிகளை அடக்கத் தடிமன் வேண்டும்: 10 சென்டிமீட்டர் கனத்தில் கனிமக் கம்பளிப் (ராக்வுல்) பலகைகள், சுவரிலிருந்து சற்று விலக்கி, முக்கியமாக மூலைகளில். ஆனால் இவை எதுவும் பக்கத்து வீட்டு நாயின் குரைப்பைத் தடுக்காது. வெளிச்சத்தத்தை நிறுத்தக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் தேவை. அது கட்டுமான வேலை. நாய் தூங்கும் நேரத்தில் பாடுவது மலிவு.

கேள்வி: என் கண்டென்சர் மைக்கில் சத்தமே வரவில்லை.

பதில்: இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் என்று எழுதிய பொத்தான் இருக்கும். அழுத்துங்கள்.

கேள்வி: பாடும்போது ஹெட்ஃபோனில் என் குரல் பிந்தி வந்து தாளத்தைக் குலைக்கிறது. கணினி பழசானதுதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மென்பொருள் அமைப்பில் பஃபர் அளவைப் பாருங்கள்; கணினி ஒலியை எத்தனை மாதிரிகளாகச் சேர்த்துவைத்துக் கையாள்கிறது என்பதுதான் அது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, பஃபர் 1,024 என்றால் உள்ளே வருவதற்கே 21 மில்லிநொடி. வெளியே போக மறுபடியும் அவ்வளவு. 128 என்றால் ஒரு வழிக்கு 3 மில்லிநொடிக்கும் குறைவு. பதிவின்போது குறைத்து, மிக்ஸிங்கில் கூட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள்; தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள் அது. பெட்டியிலேயே டைரக்ட் மானிட்டர் இருந்தால் குரல் கணினிக்குள் போய்வராமல் நேரே காதுக்கு வரும். புளூடூத் ஹெட்ஃபோனா? கழற்றிவிடுங்கள், அந்தத் தாமதத்தை எந்த அமைப்பும் சரிசெய்யாது.

கேள்வி: பதிவு அளவை எவ்வளவு வைப்பது? சிவப்பு விளக்கைத் தொட்டால்தான் குரல் எடுப்பாக இருக்கும் என்கிறார்களே?

பதில்: சிவப்பைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும்; வெட்டுப்பட்டதைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது. 24 பிட்டில் பதிவு செய்யுங்கள்; ஒவ்வொரு மாதிரியையும் எவ்வளவு நுணுக்கமாக அளப்பது என்பதுதான் பிட் கணக்கு. பூஜ்யத்தை எல்லையாகக் கொண்ட அளவுமானியில் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட்டின் வீச்சு 96 டெசிபல், 24 பிட்டுக்குக் கோட்பாட்டளவில் 144. ஆகவே பிறகு கூட்டிக்கொண்டாலும் இரைச்சல் எட்டிப்பார்க்காது. ஒன்று மட்டும்: அளவு பார்க்கும்போது பாட்டின் மிக உரத்த வரியைப் பாடுங்கள். சோதனையில் முணுமுணுத்துவிட்டுச் சரணத்தில் வெடிப்பது பாடகர்களின் பிறவிக்குணம்.

கேள்வி: மிடி கீபோர்டை இணைத்தேன். எந்தக் கட்டையை அழுத்தினாலும் மௌனம். பழுதா?

பதில்: 1983இல் வந்த மிடி முறையில் கம்பி வழியே ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற செய்திதான் போகிறது. மென்பொருளில் ஒரு தடத்தைத் திறந்து, பியானோவோ வயலினோ, கணினிக்குள்ளேயே ஒலி எழுப்பும் ஒரு மென்கருவியை ஏற்றுங்கள். அப்போது பேசும்.