தாயைப் பிரியாத ஈஸ்ட்

கேள்வி: ஒரு செல் உயிர், பல செல் உயிராக மாறுவதை ஆய்வகத்திலேயே பார்த்தார்களாமே, நிஜமா சார்?

பதில்: நிஜம்தான். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ராட்கிளிஃப், டிராவிசானோ குழு செய்தது. கட்டுரை 2012இல் வந்தது. எடுத்துக்கொண்டது வெறும் ரொட்டி ஈஸ்ட், ஒரு செல் உயிர். குழாயை ஆடாமல் வைத்து, அடியில் சீக்கிரம் இறங்கியதை மட்டும் எடுத்துப் புதுக் குழாயில் விடுவார்கள். கொத்தாக இருப்பதுதானே சீக்கிரம் இறங்கும்? தினமும் இதே வேலை. (என் மனைவி அரிசி களைவது நினைவுக்கு வந்தது.) 60 நாளில் 10 குழாயிலும் பனித்துகள் போன்ற கொத்துகள்! செல்கள் எங்கிருந்தோ வந்து ஒட்டவில்லை. தாய் செல்லிலிருந்து பிறந்த மகள் செல் தாயைவிட்டுப் பிரியவில்லை, அவ்வளவுதான். அப்புறம், கொத்தில் சில செல்கள் தாமாகச் செத்து, கொத்தின் ஒரு கிளை உடைந்து தனிக் கொத்தாக வழிவிடுகின்றன. இதைப் படித்தபோது என் காபி ஆறிப்போனது. ஈஸ்டின் மூதாதையே பல செல் உயிர்தானே என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதனால், பல செல் மூதாதை இல்லாத ஒற்றைச் செல் பாசியிலும் செய்து காட்டினார்கள்.