அடைப்புக்குறிக்குள் ஒரு 71

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிறோம். உயர்தரம் படிக்கும் மகன் கைத்தொலைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஹலால் இறைச்சி இனி வீட்டுக்குள் வரக்கூடாது, அது கொடூரம் என்கிறான். கணவரும் அவன் பக்கம். சுப்பர் மார்க்கட்டில் பொதி செய்த கோழியை வாங்குவோம் என்கிறார்கள். மாமியோ இத்தனை வருஷம் வாங்கிய முஸ்லிம் நானாவின் கடையை மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். இரண்டு கிழமையாகப் பேரனோடு கதை இல்லை. எனக்கு இரத்தம் பார்த்தால் தலைசுற்றும் என்பதால் நான் கடைப்பக்கம் போனதில்லை. நான் கலியாணம் கட்டி வந்த இந்த 19 வருஷமும் மாமிதான் (வயது 71) போய் வாங்கி, வெட்டிக் கழுவித் தருவார். கறி வைப்பது மட்டும் நான். ஹலால் முறை உண்மையில் கொடூரமானதா? மாமிக்கு எப்படிப் புரிய வைப்பது?
(வாசகி, கொழும்பு 6)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் என் கண் போய் நின்றது அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட அந்த 71இல்தான்.

எழுபத்தொரு வயது மனுஷி ஞாயிறு விடிய எழும்பிக் கடைக்குப் போகிறார். கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று பார்த்து வாங்குகிறார். பையைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்டி, மஞ்சள் போட்டுக் கழுவி, உங்கள் கையில் தருகிறார். உங்களுக்கு இரத்தம் பார்த்தால் தலைசுற்றும். சரி. மாமிக்குச் சுற்றாது என்று யார் சொன்னது? இந்த 19 வருஷத்தில் ஒரு நாளாவது கேட்டீர்களா? உங்கள் கணவர் அவர் பெற்ற பிள்ளை. அந்தப் பையை அவர் ஒரு ஞாயிறாவது தூக்கியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை.

உங்கள் வீட்டில் எல்லாரும் இறைச்சி சாப்பிடுகிறீர்கள். அது ஓர் உயிர், அதற்கு உடம்பு இருந்தது, இரத்தம் இருந்தது என்பதைக் கையால் தொட்டு அறிந்தவர் ஒருவர்தான். அவருக்குத்தான் "புரிய வைக்க" வேண்டும் என்கிறீர்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கும் பதில் வேண்டும்தான், மகன் நாளைக்கு உங்களைக் கேட்பான்.

இஸ்லாமிய முறையில் அறுக்கும்போது பிராணி உயிரோடும் நோயில்லாமலும் இருக்க வேண்டும். இறைவன் பெயர் சொல்லி, கூரிய கத்தியால் தொண்டையில் மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இரத்த நாளங்களை அறுத்து இரத்தத்தை வடிய விட வேண்டும். பிராணிக்கு முன்னால் கத்தி தீட்டக் கூடாது, ஒன்று பார்க்க இன்னொன்றை அறுக்கக் கூடாது. கத்தியைக் கூராக்கு, அறுபடும் பிராணியின் நோவைக் குறை என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. அந்த மார்க்கமே பிராணியின் வலியை நினைத்துத்தான் விதி வைத்திருக்கிறது. உங்கள் மகன் பார்த்த வீடியோவில் இது சொல்லப்பட்டிருக்காது.

ஆனால் விதி இருக்கிறது என்பதற்காக வலி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மயக்காமல் அறுத்தால் ஆடு சில விநாடிகளில் நினைவிழக்கும். மாட்டுக்கு அதைவிட நேரம் எடுக்கலாம். கழுத்தின் முன்பக்க நாளங்களை அறுத்த பிறகும் முள்ளந்தண்டோடு மேலே போகும் நாடிகள் மூளைக்கு இரத்தம் கொண்டுபோவதுதான் காரணம். அதனால்தான் அறுப்பதற்கு முன் மயக்க வேண்டும் என்று மிருக வைத்தியர்கள் பலர் வாதாடுகிறார்கள். நியூசிலாந்தில் ஹலால் ஆட்டிறைச்சிக்கும் தலையில் மின்சாரம் கொடுத்து மயக்கித்தான் அறுக்கிறார்கள். அறுக்காமல் விட்டால் ஆடு திரும்ப எழும்பி நிற்கும் அளவு மயக்கம் என்பதால், இறந்த பிராணியை அறுத்ததாகாது என்று அதை ஏற்கும் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. ஏற்காதவர்களும் உண்டு. இது அவர்களுக்குள் அறிவோடு நடக்கும் விவாதம். அதற்குள் நாங்கள் ஒரு கைத்தொலைபேசியோடு புகுந்து ஒரு சமூகத்தையே கொடியவர்கள் என்று சொல்வது அநியாயம்.

இந்த ஊரில் அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உங்கள் மகன் அறியான். 2013இல் அவன் சின்னப் பிள்ளை. நீங்கள் அறிவீர்கள். ஹலால் முத்திரைக்கு எதிராக ஊர்வலமும் கூட்டமும் நடந்து, கடைசியில் அந்த மார்ச் மாதம் உள்ளூர்ப் பொருட்களில் முத்திரையே வேண்டாம் என்று, அதை வழங்கி வந்த உலமாக்களின் சபையான ஜம்இய்யதுல் உலமா விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ஆட்டிலும் மாட்டிலும் இரக்கம் வைத்தா அந்தக் கூட்டங்கள் நடந்தன? அந்த நாட்களில் முஸ்லிம் கடைகளின் கதவு எப்படிப் பாதி மூடியபடி இருந்தது என்று பார்த்தவள் நான். மற்றவன் கடைக்குப் போகாதே என்ற கதையை எங்கள் ஆட்களும் பட்டு அறிந்தவர்கள். அதை எங்கள் வீட்டுப் பிள்ளையின் வாயில் கேட்க எனக்கு நெஞ்சு நோகிறது.

எங்கள் பக்கத்தையும் பார்ப்போம். வேள்விக்கென்று கிடாய் வளர்த்து, வைரவர் வாசலில் வெட்டியவர்கள் நாங்கள். முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலில் 2011இல் பலிக்கு வந்த ஆடு, கோழிகளை ஓர் அமைச்சரே வந்து ஏற்றிக்கொண்டு போனார். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலி கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் எத்தனை தலைமுறை அந்த இறைச்சியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்? எங்கள் ஊரில் தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுவார்கள். அந்த ஆட்டுக்கு முதல் நாள் குழை போட்டது நான். அடுத்த நாள் அதன் பங்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ குழை போட்ட ஆடுதான். சாப்பிடுகிறதென்றால் தெரிந்து சாப்பிடு" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் சாப்பிட்டேன். இரண்டையும் அம்மா ஏனென்று கேட்கவில்லை.

சரி, சுப்பர் மார்க்கட் கோழி. அது அறுக்காமல் வந்ததா? இந்த நாட்டில் பெரிய கோழிப் பண்ணைகளின் இறைச்சியும் பெரும்பாலும் ஹலால் முறையில் அறுத்ததுதான். மகன் பொதியை வாசித்தோ கடையில் விசாரித்தோ பார்க்கட்டும். அந்தக் கோழி ஐந்தாறு கிழமையில் அறுக்கப்படுகிறது. உடம்பு வேகமாகப் பருக்கும்படி இனம் தேர்ந்தெடுத்து வளர்த்தது, கால் அந்தப் பாரத்தைத் தாங்கச் சிரமப்படும். நெருக்கமான கொட்டிலில் வளர்ந்து, கூட்டில் அடைபட்டு லொறியில் போகிறது. கத்தி படும் நேரம் அதன் வாழ்க்கையில் சில விநாடி. மிச்ச நாட்களைப் பற்றி யாரும் வீடியோ அனுப்பவில்லை. மாட்டுக்கும் இதே கதைதான். தூர இடத்திலிருந்து வெயிலில், தண்ணீர் இல்லாமல், நெருக்கி ஏற்றி வருகிறார்களே, அந்தக் கொடுமைக்கு எந்த மதத்திலும் மந்திரம் இல்லை. பிராணிகள் வதையைத் தடுக்க எங்களிடம் இருப்பது 1907ஆம் ஆண்டுச் சட்டம். அதில் எழுதிய தண்டம் 100 ரூபா. அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வேண்டும் என்று 2006இல் சட்ட ஆணைக்குழு வரைவு எழுதிக் கொடுத்து, அது எத்தனை வருஷம் இழுபட்டது! மகனுக்கு உண்மையில் நெஞ்சு பதறுகிறதென்றால் பதற வேண்டிய இடம் இது.

ஒருவேளை அவனுக்கு உண்மையாகவே பதறலாம். பதினெட்டு வயதில் அது வரும், வர வேண்டும். அப்படியென்றால் அவன் இறைச்சியை விடட்டும். ஹலால், ஹலால் இல்லாதது என்று பிரிக்காமல் முழுதாக விடட்டும். நான் அவனை மதிப்பேன், நீங்களும் அவனுக்கு முறையாகப் பருப்பும் கீரையும் சமைத்துக் கொடுங்கள். கோழிப் பொரியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பம்மாவின் கடையைக் கொடூரம் என்று சொல்ல மட்டும் அவனுக்கு உரிமை இல்லை.

இரண்டு கிழமை கதை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ மழை பெய்கிறது என்பது போல. அந்த வீட்டில் பெரிய ஆட்கள் நீங்கள் இரண்டு பேர் இருந்துகொண்டு இதை எப்படி விட்டீர்கள்? முதலில் பேச வேண்டியவன் அவன். அதை அவனிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர், ஏனென்றால் அது அவருடைய தாய்.

வருகிற ஞாயிறு, இறைச்சிக்கடை பூட்டும் போயா நாளாக இல்லாவிட்டால், மகன் அப்பம்மாவோடு கடைக்குப் போகட்டும். நீங்களும் போங்கள். தலைசுற்றினால் கடை வாசலில் நில்லுங்கள், ஆனால் போங்கள். ஆடு எங்கிருந்து வந்தது, எத்தனை மணி நேரம் லொறியில் நின்றது, எந்த மடுவத்தில் அறுத்தது, வைத்தியர் பார்த்த முத்திரை எங்கே என்று மகன் மரியாதையாகக் கேட்கட்டும். இத்தனை வருஷ வாடிக்கையாளரின் பேரன் கேட்டால் நானா சொல்லுவார். பதில் திருப்தி இல்லையென்றால் அன்றைக்கு வாங்காமல் வாருங்கள், அதை மாமியே முடிவெடுக்கட்டும்.

வாங்கினால், பையை நாலாம் மாடிக்கு மகன் தூக்கட்டும். வெட்டிக் கழுவுவது அன்றைக்கு உங்கள் கணவர். மாமி கதிரையில் இருந்து எப்படி வெட்டுவது என்று சொல்லிக் கொடுக்கட்டும்.