உங்கள் குவார்ட்டரின் விளிம்பைப் பாருங்கள்: கேள்வி பதில்

இம்முறை அமெரிக்கக் கால் டாலர் நாணயங்களைப் பற்றி மட்டும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஊர்ப்பக்கம் 'குவார்ட்டர்' என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதை நினைவூட்டி வந்த குறும்புக் கேள்விகளை மட்டும் ஒதுக்கிவிட்டேன். நான் சேகரிப்பவனே தவிர வியாபாரி அல்லன். உங்கள் நாணயத்தின் விலையைக் கூட்டியோ குறைத்தோ சொல்வதால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை. தொடங்குமுன் ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தக் காரணத்துக்காகவும் நாணயத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள்.

ஆஸ்டினில் படிக்கும் மாணவர்: துணி துவைக்கும் இயந்திரத்துக்காக வங்கியில் சில்லறை வாங்கி வைக்கிறேன். அதில் வெள்ளி நாணயம் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. முதலில் ஆண்டைப் பாருங்கள். 1964 வரை ஆண்டு பொறித்த கால் டாலர்கள் 90 விழுக்காடு வெள்ளியும் 10 விழுக்காடு செம்பும் கலந்தவை. வெள்ளியின் விலை ஏறி மக்கள் நாணயங்களைப் பதுக்கத் தொடங்கியதால், 1965 ஜூலையில் வந்த நாணயச் சட்டம் கால் டாலரிலிருந்து வெள்ளியை எடுத்துவிட்டது. 1965 முதல் ஆண்டு பொறித்துப் புழக்கத்துக்கு வந்தவற்றின் நடுப்பகுதி தூய செம்பு. இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த மெல்லிய தகடு. ஆகவே ஒவ்வொன்றாகக் கண்ணாடி போட்டு ஆண்டைப் படிக்க வேண்டிய தேவைகூட இல்லை. வங்கி தரும் ஒரு சுருளின் (ரோல்) நாற்பது காசுகளையும் அடுக்கி வைத்து விளிம்பைப் பார்த்தால், புதியவற்றில் செம்புக் கோடு தெரியும். நடுவே ஒன்று மட்டும் கோடில்லாமல் வெளுத்திருந்தால் அதை உருவி எடுங்கள். எடையிலும் வேறுபாடு உண்டு: வெள்ளிக் காசு 6.25 கிராம், இப்போதையது 5.67 கிராம். மேசையில் போட்டால் எழும் ஓசையே வேறு; காது பழகிவிட்டால் கடைக்காரர் சில்லறையைக் கொட்டும்போதே தலை திரும்பும்.

தேய்ந்த வெள்ளிக் காசின் அடிப்படை விலையைக் கணக்கிடுவதும் எளிது. அதில் 0.18 டிராய் அவுன்ஸ் (ஒரு டிராய் அவுன்ஸ் ஏறத்தாழ 31 கிராம்) வெள்ளி இருக்கிறது. அவுன்ஸ் 30 டாலருக்கு விற்கும் நாளில் அந்தக் காசிலுள்ள வெள்ளி மட்டும் ஏறத்தாழ 5 டாலர் 40 சென்ட் பெறும். அதைப் போட்டுத் துணி துவைத்தால் சட்டத்தில் குற்றமில்லை. எனக்குத்தான் வயிறு எரியும்.

எடிசன், நியூ ஜெர்சி: என்னிடம் உள்ள 1965ஆம் ஆண்டு நாணயத்தில் நாணயச்சாலையின் எழுத்து இல்லை. இது பிழை நாணயமா?

இல்லை. சில்லறைத் தட்டுப்பாட்டுக்குச் சேகரிப்பவர்களே காரணம் என்று கருதி, 1965 முதல் 1967 வரை எந்த நாணயத்திலும் அந்த எழுத்தை, அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் டி, எஸ் போன்ற அடையாளத்தை, பொறிக்கவில்லை. செம்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் செலவழியுங்கள்.

சிகாகோ: 1776–1976 என்று இரண்டு ஆண்டுகள் பொறித்த, முரசு கொட்டும் வீரன் உள்ள நாணயம் கிடைத்தது. இது பல ஆயிரம் டாலர் பெறும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டுக்காக அடிக்கப்பட்டது அது. 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இதே நாணயத்தைத்தான் அடித்தார்கள் என்பதால் 1975 என்று மட்டும் பொறித்த கால் டாலர் கிடையவே கிடையாது. புழக்கத்துக்காக அடித்தவை மட்டும் 160 கோடிக்கு மேல்; வாங்கியவர்களில் பலர் நினைவுப் பொருளாக எடுத்தும் வைத்தார்கள். இத்தனை கோடி அடித்து, இத்தனை வீடுகளில் பத்திரமாக இருக்கும் ஒன்று எப்படி அரிய பொருளாகும்? உங்கள் காசின் மதிப்பு 25 சென்ட். சான் பிரான்சிஸ்கோவில் 40 விழுக்காடு வெள்ளியில் அடித்துத் தனித் தொகுப்பாக விற்றவை உண்டு. எஸ் எழுத்து தாங்கிய அவற்றின் விளிம்பில் வழக்கமான செம்பு நிறம் தெரியாது. அந்தக் காணொளிக்காரர்கள் காட்டும் ஏல விலை, யார் கையும் படாமல் நாணயச்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே தப்பிய ஒன்றிரண்டு நாணயங்களுக்கோ, உண்மையான அச்சுப் பிழைகளுக்கோ கிடைத்தது. அதே ஆண்டு, அதே உருவம் என்பதற்காக அந்த விலை உங்கள் சட்டைப் பையில் உள்ளதற்கு வந்துவிடாது.

டொராண்டோ: எங்கள் ஊர்க் கால் டாலரை எல்லை தாண்டிப் போனபோது பஃபலோவில் இயந்திரம் துப்பிவிட்டது. ஏன்?

இப்போதைய கனடா நாணயம் எஃகாலானது; காந்தத்தில் ஒட்டும். அமெரிக்க நாணயம் ஒட்டாது. இயந்திரம் உலோகத்தின் மின்காந்தத் தன்மையையும் சோதிப்பதால் அளவு ஏறக்குறைய ஒத்திருந்தும் ஏமாறுவதில்லை. கனடா நாணயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2004இல் கனடா வெளியிட்ட, நடுவே சிவப்பு நிறப் பாப்பிப் பூ உள்ள கால் டாலரைப் பார்த்த அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்கள் சிலர், அதன் மேற்பூச்சு ஏதோ உளவுக் கருவியாக இருக்கலாம் என்று ஐயுற்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள், எச்சரிக்கையும் வெளியாயிற்று. போரில் மாண்டவர்களின் நினைவுக்காக வெளியிட்ட சில்லறைக் காசுக்கு வந்த வாழ்வு அது.

டல்லாஸ்: 1976 முரசு நாணயம் என்னிடம் நான்கு உள்ளன. விலை சொல்ல முடியுமா?

ஒரு டாலர்.

சான் ஹோசே: ஐம்பது மாநில நாணயங்களையும் அட்டைப் புத்தகத்தில் நிரப்பிவிட்டேன். தங்கமுலாம் பூசிய ஒரு தொகுப்பும் தொலைக்காட்சியில் பார்த்து வாங்கினேன். மகளின் கல்லூரிக்கு உதவுமா?

ஒரு பாடப்புத்தகத்துக்குக்கூட உதவாது என்பதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. 1999இல் டெலவேரில் தொடங்கி 2008இல் ஹவாயில் முடிந்த அந்த வரிசையில் ஆண்டுக்கு ஐந்து மாநிலங்கள். 2000ஆம் ஆண்டின் வர்ஜீனியா நாணயம் மட்டுமே 150 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. தங்கமுலாம், வண்ணப் பூச்சு எல்லாம் நாணயச்சாலைக்கு வெளியே தனியார் செய்வது. சேகரிப்பவர் கண்ணில் அது பழுதுபட்ட நாணயம். ஆனால் அட்டைப் புத்தகத்தை மூடுமுன் சிலவற்றை உருப்பெருக்கியில் பாருங்கள். 2004 விஸ்கான்சின், டென்வரில் அடித்த டி எழுத்து உள்ளது: சோளக்கதிரின் இடப்பக்கம், கீழ்ப்புறத்தில் மிகையாக ஒரு இலை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருந்தால் அதற்கு உண்மையாகவே வாங்குபவர் உண்டு. 2005 மினசோட்டாவில் மரங்களுக்கிடையே உருவம் இரட்டையாக விழுந்திருக்கலாம். 2005 கான்சஸில் அச்சில் மசகு அடைத்து 'டிரஸ்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்து விழாமல், கடவுளை நம்புகிறோம் என்பது கடவுளில் துருப்பிடிக்கிறோம் என்று ஆனவை உண்டு. மகளோடு உட்கார்ந்து தேடுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி (மீண்டும்): கழுவக் கூடாது என்கிறீர்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைத் தலைமுறை தலைமுறையாக விபூதியால் தேய்க்கிறோம், பித்தளைக்குப் புளி. எதுவும் கெட்டுப்போகவில்லையே?

விளக்கு பளிச்சென்று இருப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் ஒரு மயிரிழை தேய்ந்தாலும் விளக்கு விளக்காகவே இருக்கும். நாணயம் அப்படியன்று. பல டன் அழுத்தத்தில் அச்சு இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்தோடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளாக உறைகிறது. புது நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரம்போலச் சுழல்வது அந்த வரிகளால்தான். விபூதி நுண்ணிய அரம். அது முதலில் அழிப்பது அந்த வரிகளை. புளியின் அமிலம் கறையோடு சேர்த்து மேற்பரப்பையும் அரிக்கிறது. பிறகு நாணயம் பளபளக்கும், ஆனால் அந்தச் சுழலும் ஒளி இராது; பழகிய கண் அதை ஒரு நொடியில் கண்டுகொள்ளும்.

அதே எடிசன் அன்பர்: கறுத்துப்போன காசை அழகு என்கிறீர்களா?

சில வேளைகளில், ஆம். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து பல ஆண்டுகளில் பொன்னிறம், ஊதா, நீலம் என்று மாறிவரும். பழைய அட்டைப் புத்தகங்களில் இருந்த நாணயங்களின் விளிம்பில் வானவில்லே படிந்திருக்கும். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சியாட்டில், வேதியியல் ஆசிரியை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அருங்காட்சியகங்கள் நாணயங்களைத் தூய்மை செய்கின்றனவே. நீங்கள் பொத்தாம் பொதுவாகச் சொல்வது சரியா?

அம்மா, நீங்கள் சொல்வது சரி. என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். மேலே ஒட்டியிருப்பதை நீக்குவது வேறு, உலோகத்தை நீக்குவது வேறு. மலிவான மென்பிளாஸ்டிக் உறையில் வைத்த நாணயங்களில் பச்சை நிறப் பிசின் படியும். அதை விட்டுவைத்தால் அரித்துவிடும். தூய அசிட்டோனில் நனைத்து, தேய்க்காமல், தானாக உலரவிட்டால் பிசின் போகும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. நெருப்பருகே செய்யாதீர்கள், நகப்பூச்சு நீக்கியைப் பயன்படுத்தாதீர்கள், அதில் எண்ணெயும் நறுமணமும் கலந்திருக்கும். இதை நீங்கள் செய்தால் நானும் ஒப்புவேன். எடிசன் அன்பர் இதையே புளிக்கு அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே எடிசன் அன்பர்: வெள்ளி வெள்ளிதானே ஐயா? கழுவினால் எடையா குறைந்துவிடும்?

எடைக்கு விற்பதென்றால் உங்கள் வாதத்தை முழுவதும் ஏற்கிறேன். சேகரிப்பவருக்கு விற்பதென்றால் அவர் வெள்ளியை வாங்கவில்லை. அந்த மேற்பரப்பைத்தான் வாங்குகிறார். இதற்குமேல் புளியைப் பற்றிப் பேச வேண்டாம்.

அட்லாண்டா: ஜார்ஜ் வாஷிங்டனின் தலை பொறித்த கால் டாலரில் மிக அரியது எது?

புழக்கத்துக்கு வந்தவற்றில் பலரும் தேடுவது 1932இன் இரண்டு நாணயங்கள்: டென்வரில் அடித்தவை 4,36,800, சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவை 4,08,000. எழுத்து பின்புறத்தில், ஒலிவ இலை வளையத்துக்குக் கீழே இருக்கும். எழுத்தில்லாத சாதாரண 1932 நாணயத்தில் டி அல்லது எஸ் எழுத்தை ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். தரச்சான்று இல்லாத 1932டி நாணயத்தை முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பாஸ்டன்: இன்றைய சில்லறையில் தேடக்கூடியது ஏதும் மிச்சம் உண்டா?

உண்டு. 2019, 2020 ஆண்டுகளில் வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலை டபிள்யூ எழுத்தோடு, ஒவ்வொரு வடிவிலும் 20 லட்சம் வீதம் பத்து வடிவங்களை அடித்துப் புழக்கத்திலேயே கலந்துவிட்டது. நாணயத்தின் முன்புறத்தில், வாஷிங்டன் தலைக்குப் பின்னால், முடிக்கட்டுக்கு அருகே அந்த எழுத்து இருக்கும். வங்கியில் 10 டாலர் கொடுத்து ஒரு ரோல் வாங்குங்கள். தேடி முடித்தபின் மிச்சத்தைத் துணி துவைக்கவோ ஆல்டி கடையில் காசு போட்டு எடுக்கும் தள்ளுவண்டிக்கோ வைத்துக்கொள்ளலாம்.

மதுரை: பழைய 25 காசு நாணயங்கள் கொஞ்சம் இருக்கின்றன. அமெரிக்காவில் பழைய காசு இன்னும் செல்லும் என்கிறார்களே, இங்கே?

அமெரிக்காவில் பழைய கால் டாலர் எதுவும் செல்லாததாக அறிவிக்கப்படவில்லை. நம் நாலணா 2011 ஜூன் 30ஓடு செல்லாததாயிற்று. அதன் சேகரிப்பு மதிப்பு என் துறையன்று. இந்திய நாணயம் சேகரிப்பவர்களிடம் கேளுங்கள்.

ஹூஸ்டன்: முரசு கொட்டும் வீரன் உள்ள...

மேலே சிகாகோ அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி (கடைசியாக): கோபிக்க வேண்டாம். கேள்வி கேட்குமுன்பே 1942ஆம் ஆண்டு நாணயம் ஒன்றைப் புளியில் ஊறவைத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

நீர்விட்டு அலசி, மென்துணியில் ஒற்றி எடுத்து, மறுபடி தொடாமல் வையுங்கள். 1942 சாதாரணமாகக் கிடைக்கும் ஆண்டு. தேய்ந்த காசாக இருந்திருந்தால் வெள்ளி விலை அப்படியே இருக்கிறது. விளிம்பில் செம்புக் கோடு இல்லையே?