மருந்து அடிக்காத பன்னீர் திராட்சையில் இயற்கை ஒயின் செய்யலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு உத்தமபாளையம் பக்கம் 2 ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. ஒன்றரை வருடமாக ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடுவதில்லை. விலை விழுந்தால் பறிகூலிகூடக் கட்டுபடியாவதில்லை. பிரான்சில் இருக்கும் என் மைத்துனன், அங்கே சிறு விவசாயிகள் தங்கள் தோட்டத்துப் பழத்தை எதையும் சேர்க்காமல் புளிக்கவிட்டு, 'இயற்கை ஒயின்' என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்கிறான். சோதித்துப் பார்க்க 20 கிலோ பழத்தைப் பிசைந்து பிளாஸ்டிக் டிரம்மில் வைத்தேன். நாலைந்து நாள் நுரைத்துப் பொங்கியது. இரண்டு வாரத்தில் காடி வாசம் வந்துவிட்டது, கொட்டிவிட்டேன். எங்கே தப்பு? நாமும் செய்ய முடியுமா?

பதில்: முதலில் ஒன்று. அந்த டிரம்மை மறுபடி வைக்காதீர்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்தத் தோட்டத்துப் பழம், வீட்டுக்கு மட்டும்தான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 20 கிலோ பழத்துக்காக நீங்கள் வழக்கில் மாட்டக் கூடாது.

சரி, உங்கள் மைத்துனன் சொன்னது உண்மைதான். பிரான்சில் பொழொலே பகுதியில் மார்சல் லாப்பியேர் என்று ஒரு விவசாயி இருந்தார். மோர்கோன் ஊர்ப் பக்கம் தோட்டம். ஜூல் ஷோவே என்ற ஒயின் வணிகர், அவர் வேதியியலும் அறிந்தவர்; அவருடைய வழியைப் பிடித்துக்கொண்டு லாப்பியேர் 1980களின் தொடக்கத்தில் களைக்கொல்லியை விட்டார், கடையில் வாங்கும் ஈஸ்ட்டை விட்டார், ரசம் கெடாமலிருக்கப் போடும் கந்தக டை ஆக்சைடைக் குறைத்தார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் இயற்கை ஒயினுக்கு அந்தச் சிறு விவசாயிகள் ஒரு பெரிய ஊற்று. 2020-இல் பிரான்சில் இதற்கு ஒரு முத்திரையும் வந்தது. அதற்குப் பழம் அங்ககச் (ஆர்கானிக்) சான்று பெற்றதாக இருக்க வேண்டும், கையால் பறிக்க வேண்டும், தோட்டத்துக் காட்டு ஈஸ்ட்டில்தான் புளிக்க வேண்டும். சல்பைட், அதாவது அந்தக் கந்தகச் சேர்ப்பு, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள். ஐரோப்பாவில் 'அங்கக ஒயின்' என்று விற்கும் சிவப்பு ஒயினிலேயே 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆக, அங்கக ஒயின் வேறு, இயற்கை ஒயின் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் டிரம்முக்குள் நடந்ததைப் பார்ப்போம். பழத்தோலில் பலவகைக் காட்டு ஈஸ்ட் ஒட்டியிருக்கும். முதலில் நுரைக்க வைப்பது பெரும்பாலும் பலவீனமான வகைகள். சாராயம் (ஆல்கஹால்) 4, 5 சதவீதம் ஏறியதும் அவை ஓய்ந்துவிடும். அதன்பின் சாக்கரோமைசிஸ் என்ற வலுவான ஈஸ்ட் எடுத்துக்கொண்டு சர்க்கரையை முழுக்கத் தின்று முடிக்க வேண்டும். பொங்கும்வரை கரியமில வாயு மேலே போர்வையாக நின்று காக்கும். பொங்கல் அடங்கியதும் அந்தப் போர்வை போய்விடும். பாதி காலியான டிரம்முக்குள் காற்று, காற்றோடு காடிப் பாக்டீரியா. அது சாராயத்தைத் தின்று காடியாக்கிவிடும். ஒயின்காரர்கள் அந்த நேரத்தில் பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி மூடுவார்கள். சல்பைட் போடுவதும் பெரும்பாலும் இந்தப் பாக்டீரியாவை அடக்கவும், காற்றுப்பட்டு ரசம் கெடாமல் இருக்கவும்தான்.

ஆனால் தப்பு அதற்கு முன்பே தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். டிரம்மில் போடும் முன் ஒவ்வொரு கொத்தையும் விரித்துப் பார்த்தீர்களா? மழைக்குப் பின் பறித்த பன்னீர் கொத்து வெளியே கருநீலமாகச் சாம்பல் பூத்து அழகாக இருக்கும். நடுக்காம்பு ஓரம் விரலால் விலக்கினால் உள்ளே ஒரு பழம் வெடித்து, சாறு கசிந்து, பொடி ஈ உட்கார்ந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் லேசாகக் காடி நெடி அடிக்கும். அந்த ஒரு பழம் போதும். சல்பைட் போடாத விவசாயிக்கு அதைப் பொறுக்கி எறிவதுதான் மருந்து. அதனால்தான் ஆழமில்லாத பெட்டியில் பறித்து, ஒவ்வொரு கொத்தாகத் தரம் பிரிப்பதில் அவர்கள் அவ்வளவு கறார்.

அடுத்தது இனிப்பு. இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் பிரிக்ஸ் அளவு, அதாவது சாற்றில் நூற்றுக்குச் சுமார் எத்தனை பங்கு சர்க்கரை என்பது, தெரியும். சந்தைக்குப் பறிக்கும் பன்னீர் பெரும்பாலும் 15, 16 தான் காட்டும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால்தான் 1 சதவீதம் சாராயம். ஆக 15 பிரிக்ஸில் 8 சதவீதத்தைத் தாண்டுவதே கஷ்டம். நல்ல சிவப்பு ஒயினுக்கு 22 பக்கம் வேண்டும். சாதாரண ஆலை என்றால் சர்க்கரையைக் கொட்டி ஈடுகட்டிவிடும். இயற்கை ஒயினில் அதற்கு இடமில்லை. சாராயம் குறைந்து புளிப்பும் தளர்ந்த ரசத்தில் கெட்ட கிருமிகள் சுகமாக வாழும்.

இனிப்பு ஏன் ஏறவில்லை? நாம் கொடியிடம் கேட்கும் சுமை அப்படி. பன்னீர் பந்தலில் எக்டேருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன் எடுப்பது நமக்கு இயல்பு. பொழொலேயின் பெயர்பெற்ற கிராமங்களில் சட்டம் அனுமதிக்கும் விளைச்சல் ஏக்கருக்கு ஏறக்குறைய 3 டன்தான். அவர்கள் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கிறது. நம் கொடிக்கு அந்த ஓய்வு இல்லை. அதனால் ஒரு கால் ஏக்கரை மட்டும் தனியாக ஒதுக்குங்கள். மார்கழி, தையில் கவாத்து செய்து சித்திரை வெயிலில் பழுக்கும் போகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கால அறுவடையை இதற்கு நினைக்கவே வேண்டாம். கிளைக்கு ஒரு கொத்து மட்டும் விட்டு மீதியைப் பிஞ்சிலேயே கிள்ளுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். கொத்தைச் சுற்றி இலைகளை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள். விதை பழுப்பாகி, மென்றால் நொறுங்கும்வரை பறிக்காதீர்கள். எத்தனை பிரிக்ஸ் ஏறுகிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

மருந்து நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள், சந்தோஷம். கவாத்துக்குப் பின் மொட்டு ஒரே சீராக உடைய ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறீர்களா? தடவினால் அது அங்ககம் ஆகாது. அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம் சேர்ந்த போர்டோ கலவை அங்ககத்தில் உண்டு, ஆனால் அளவு உண்டு. ஐரோப்பாவில் 7 ஆண்டுக்கு எக்டேருக்கு 28 கிலோ தாமிரம்தான் உச்சம். மண்ணில் தங்கினால் மண்புழுவுக்கு ஆகாது, பழத்தில் தங்கினால் ஈஸ்ட்டுக்கு ஆகாது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் அடித்தால் அறுவடைக்கு ஐந்து வாரம் முன்பே நிறுத்துங்கள். தோலில் மிஞ்சும் கந்தகத்தை ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றமாக மாற்றிவிடும். இடையில் சூடோமோனாஸ், பேசில்லஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்களைத் தெளிக்கலாம்.

சான்றுக்கு, திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிர் ரசாயனத்தை விட்டு அங்ககத்துக்கு மாறும் 36 மாத மாற்றக் காலத்தில் இருக்க வேண்டும். கோவையில் உள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் இப்போதே பதிந்துவிடுங்கள். பதியாத ஒன்றரை வருடத்தைக் கணக்கில் கொண்டுவருவது கடினம். ஐந்து பேர் சேர்ந்தால், விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்து உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். முறையில் குழுவாகவும் வாங்கலாம், செலவு குறைவு.

இனி, செய்ய முடியுமா என்ற கேள்வி. பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க். சீனாவின் தியான்ஜின் பகுதியில் அதில் ஒயின் செய்கிறார்கள், ரகத்தில் குறையில்லை. கம்பம் பன்னீருக்கு 2023-இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆனால் இங்கே 2 ஏக்கர்க்காரர் தனியாக உரிமம், கட்டடம், குளிரூட்டல் என்று இறங்குவது கடன் வலை. நம் வெயிலில் புளிக்கும் பாத்திரம் 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து பாதியில் நின்றுவிடும், அதனால் குளிரூட்டாமல் முடியாது. சான்று கையில் வந்தபின் உரிமம் உள்ள ஆலை ஒன்றோடு பேசுங்கள். சான்றும் பிரிக்ஸ் குறிப்பும் இருந்தால் கிலோ விலையை நீங்கள் பேசலாம்.

அதுவரை சாறு போடுங்கள். பன்னீரின் மணத்துக்குச் சாறுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். தரம் பிரித்த பழத்தைப் பிழிந்து, 80 டிகிரிக்குச் சூடாக்கி, கொதிக்க வைத்த கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே அடைத்து மூடினால் புளிக்காது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு போதும். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். வரும் கவாத்துக்கு முன் ஒருமுறை போய், கால் ஏக்கர் திட்டத்தைச் சொல்லி, எந்தக் கிளையை எவ்வளவு வெட்டுவது என்று நேரில் கேட்டு வாருங்கள். சித்திரையில் பிரிக்ஸ் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.