மின்கம்பியில் ஒருமுறை அனுப்பிப் பலர் பெறுவது: கேள்வி பதில்

கேள்வி (மூன்று அறைகளில் டிவி வைத்திருப்பவர்): வீட்டு மின்கம்பி வழியே படத்தை அனுப்ப, பிளக்கில் செருகும் அடாப்டர்களை வைத்திருக்கிறேன். ஹாலில் இருக்கும் அடாப்டரிலிருந்து மூன்று அறைகளுக்கும் ஒரே சேனல் போகிறது. மின்கம்பி பொதுவானதுதானே, ஒருமுறை அனுப்பினால் போதாதா?

பதில்: சமிக்ஞை எல்லாப் பிளக்குகளுக்கும் போய்ச் சேரும், எல்லோராலும் அதைப் படிக்க முடியாது என்பதுதான் சிக்கல். இத்தகைய அடாப்டர்கள் பின்பற்றும் தரநிலைகளில் ஒன்றான ஹோம்பிளக் ஏவி முறையில் 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை 1,155 கேரியர்கள், அதாவது குறுகிய அலைத்தடங்கள், உண்டு. அமெச்சூர் வானொலிக்கு இடையூறு வராதபடி சிலவற்றை அணைத்த பிறகு 917 மிஞ்சும். எந்தக் கேரியரில் எத்தனை பிட் ஏற்றலாம் என்பதை அனுப்பும் அடாப்டரும் பெறும் அடாப்டரும் அளந்து, தங்களுக்கென ஓர் அட்டவணை போட்டுக்கொள்கின்றன. சமையலறையின் அட்டவணை படுக்கையறைக்குப் பொருந்தாது. அதனால் பல அடாப்டர்கள் ஒரே படத்தை மூன்று பிரதிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகின்றன.

கேள்வி: எல்லோருக்கும் புரியும் பொது முறை எதுவும் இல்லையா?

பதில்: இருக்கிறது, ரோபோ முறை. ஒரே பிட்டைப் பல கேரியர்களில் திரும்பத் திரும்ப அனுப்புவது. வேகம் நொடிக்கு 5 முதல் 10 மெகாபிட் அளவுதான். கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போதும், உயர்தெளிவுப் படத்துக்கு நம்ப முடியாது.

கேள்வி (பொறியியல் மாணவி): ஒவ்வொரு கேரியரிலும் மிகப் பலவீனமான ரிசீவர் தாங்கும் அளவுக்கு மட்டும் பிட் ஏற்றினால் என்ன?

பதில்: பாடநூல்கள் முதலில் சொல்லும் வழி அதுதான். நான்கு கேரியர்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ரிசீவர் தாங்குவது 10, 8, 6, 4. இரண்டாவது 8, 8, 6, 2. சிறியதையே எடுத்தால் 24 பிட். நேரத்தைப் பிரித்துத் தனித்தனியாக அனுப்பினால் ஆளுக்குச் சுமார் 13தான். இங்கே பொது அட்டவணைக்கே வெற்றி.

இப்போது முதல் ரிசீவருக்கு 10, 8, 2, 0. இரண்டாவதுக்கு 0, 2, 8, 10 என்று வையுங்கள். சிறியதை எடுத்தால் மொத்தம் 4 பிட்! மாறிமாறி அனுப்பினாலோ ஆளுக்கு 10 கிடைக்கும். இருவருமே நல்ல ரிசீவர்கள், பள்ளங்கள், அதாவது சமிக்ஞை மங்கிப்போகும் கேரியர்கள், மட்டும் வெவ்வேறு இடத்தில் விழுந்திருக்கின்றன. மின்கம்பியில் இப்படித்தான் நடக்கும்: ஒவ்வொரு கிளைக்கம்பியும் சமிக்ஞையைத் திருப்பியடித்துத் தனக்கென்று பள்ளங்களை உண்டாக்குகிறது. ஆகவே குறைந்தபட்சக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா வீட்டிலும் நடைமுறைப்படுத்துவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: நல்ல கேரியர்களின் மின்சக்தியைக் கெட்ட கேரியர்களுக்கு மாற்றிக் கொடுக்கலாமே?

பதில்: முடியாது. மின்கம்பி வானொலியைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக, கட்டுப்பாடு மொத்தச் சக்திக்கு அல்ல, ஒவ்வொரு கேரியருக்கும் தனித்தனியே விதிக்கப்படுகிறது. மிச்சமாகும் சக்தியை இன்னொன்றுக்குத் தர வழியில்லை. அதோடு, ஒரு பிட் கூட்ட ஏறத்தாழ 3 டெசிபல் கூடுதல் சமிக்ஞை பலம் வேண்டும். கேரியரில் 2 டெசிபல் மீந்திருந்தால் அது அப்படியே வீணாகிறது.

அந்த மீதங்களைத் திரட்டுவதற்கு ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சின்னத்தை, அதாவது சேர்த்து அனுப்பும் சில பிட்களின் தொகுப்பை, ஒரே கேரியரில் வைக்காமல் ஒரு குழுவின் கேரியர்கள் அனைத்திலும் பரப்பிவிடுவது. அப்போது தனிக் கேரியரின் பள்ளமல்ல, குழுவின் ஒட்டுமொத்தத் தரமே பிட் எண்ணிக்கையை முடிவு செய்யும். பலருக்கு அனுப்பும்போது இதன் பலன் கூடுகிறது: பள்ளங்கள் வெவ்வேறு இடத்தில் இருந்தாலும், குழுவாகப் பார்த்தால் ரிசீவர்கள் ஒன்றையொன்று ஒத்துவருகின்றன. பிரான்ஸின் ரென் நகர ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தக் கேரியரை எந்தக் குழுவில் வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

கேள்வி (சொந்த வீட்டுக்காரர்): எங்கள் வீட்டில் மூன்று ஃபேஸ், இன்வெர்ட்டர் இணைப்பும் உண்டு. ஓர் அறையில் மட்டும் வேகம் விழுகிறது.

பதில்: அந்த அறை வேறு ஃபேஸில் இருக்கலாம், அல்லது பிளக் இன்வெர்ட்டர் கம்பியில் இருக்கலாம். அடாப்டரை நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள், நீட்டிப்புப் பலகை வேண்டாம். ஒரு நண்பர் வீட்டில் மலிவான போன் சார்ஜரைப் பிடுங்கியதும் பாதியாகக் கிடந்த வேகம் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். சார்ஜர்கள், எல்இடி விளக்குகள் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே மாறுகிறது. மின்னோட்டத்தின் ஒரு சுற்றுக்குள்ளேயே அடாப்டர் பொது அட்டவணையைப் பல முறை மாற்றினால்தான் எல்லா அறையிலும் படம் நிற்காது. இதையும் பார்த்துவிட்டு, எந்த நேரத்தில் வேகம் விழுகிறது என்று சொல்லுங்கள்.