பழைய மோரிஸ் மைனர் காருக்குப் புதிய மிதவை போட்டேன், எண்ணெய் (பெட்ரோல்) முள் தலைகீழாகக் காட்டுகிறது. மீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். மீட்டரைக் கழற்றாதீர்கள். அழகான ஸ்மித்ஸ் மீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நீல விளக்கு எரியும் பிளாஸ்டிக் வட்டத்தைப் பொருத்தி வைத்திருக்கும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது.

தொட்டிக்குள் பெட்ரோல் மட்டத்தை அளந்து மீட்டருக்குச் சொல்லும் பழைய மிதவை துருப்பிடித்து நின்றிருக்கும். உதிரிப்பாகக் கடையில், "எல்லாம் 12 வோல்ட்தானே, எதுவும் ஒத்துப்போகும்" என்று சொல்லி ஒன்றைக் கையில் கொடுத்திருப்பார்கள். இப்போது தொட்டி நிரம்பியிருக்கும்போது முள் கீழே கிடக்கிறது, எண்ணெய் குறையக் குறைய மேலே ஏறுகிறது. அப்படித்தானே? அப்படியானால் மீட்டர் நன்றாகவே இருக்கிறது. மிதவைதான் அதனிடம் வேறு கணக்குச் சொல்கிறது.

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் என்று எங்கள் வயதுக்காரர்கள் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது லேண்ட் ரோவர் சீரிஸ் 3. தோட்டத்து நிர்வாகியின் வண்டியாக இருந்தது. அப்பாதான் அதன் டிரைவர். தோட்டம் கைமாறியபோது பழைய சாமான்களோடு அதையும் விலை பேசினார்கள், அப்பா வாங்கிவிட்டார். நான் செம்பனை (பாமாயில்) ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "நீ என்ன வாகனப் பொறியாளரா?" என்று கேட்க ஆள் வரும் என்பதால் இதைச் சொல்கிறேன். இல்லை ஐயா, பொறியாளர் இல்லை. ஆனால் மின்தடையை அளக்கும் ஓம் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் இந்த வண்டிக்குப் புதிய மிதவை போட்டுக் கொடுத்தார்கள். வாங்கி வந்ததிலிருந்து முள் 'எஃப்' எழுத்தை விட்டு இறங்கவே இல்லை. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போனான். முழுத் தொட்டி என்று முள் காட்டிக்கொண்டிருக்கும்போதே, லாரிகள் உழுதுபோட்ட செம்மண் பாதையில் எஞ்சின் இருமி நின்றது. பட்டறையில் போய்க் கேட்டால், "பழைய வண்டி அண்ணே, மீட்டரின் ஆயுள் முடிந்துவிட்டது, புதியது போட்டுவிடுவோம்" என்கிறான் பையன். அவன் கையில் மல்டிமீட்டர் இல்லை. கடை முழுக்கத் தேடினாலும் இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினேன். இந்த வண்டியில் தொட்டி அதற்கு அடியில்தான் இருக்கிறது. மிதவையை வெளியே எடுத்து அளந்தேன். மிதவையின் கைக்கம்பியைக் கீழே விட்டால் 10 ஓம், மேலே தூக்கினால் 180 ஓம். விடிஓ முதலிய ஐரோப்பிய வகை மீட்டர்களுக்கான அளவு அது. எங்கள் ஸ்மித்ஸ் மீட்டருக்கு வேண்டியது நேர் எதிர். மின்தடை குறைந்தால் நிறைவு, கூடினால் காலி. அப்பா தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய மிதவையைச் சுரண்டி அளந்தபோது காலிக்கு 240 ஓமை ஒட்டியும் நிறைவுக்கு 20 ஓமை ஒட்டியும் காட்டியது.

திசை எதிராக இருந்தால் எத்தனை ரெசிஸ்டர் சேர்த்தாலும் திரும்பாது. இணையாகச் சேர்த்தால் எல்லா அளவும் குறையும், தொடராகச் சேர்த்தால் எல்லாம் கூடும், அவ்வளவுதான். மிதவையைப் படித்து மீட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சிறிய மின்னணுப் பெட்டிகள் விற்கிறார்கள். அவை வேலை செய்யும், பொய் சொல்ல மாட்டேன். எழுபதுகளின் வண்டிக்குள் அப்படி ஒன்றை ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

திசை ஒத்துப்போகும் மிதவையைத் தேடினேன். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்கு 0, நிறைவுக்கு 90. அதுவும் எதிர்த்திசை. பழைய ஃபோர்டில் காலிக்கு 73, நிறைவுக்கு 10 அளவில். திசை சரி, ஆனால் காலிப்பக்கம் ஒத்துவராது. தொட்டி வற்றியிருக்கும்போதும் ஏதோ மிச்சம் இருப்பதாக முள் காட்டும். காலிக்கு 240, நிறைவுக்கு 33 என்று அமெரிக்க முறையில் ஒன்று இருக்கிறது. படகுகளில் அதுதான் பரவலாக இருக்கிறது. கோலசிலாங்கூர் பக்கம், பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமத்தில் படகுச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. கைக்கம்பியின் நீளத்தையும் வளைவையும் தொட்டிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டேன். இப்போது முழுத் தொட்டியில் முள் 'எஃப்' எழுத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நின்றுவிட்டுப் போகட்டும். நிறைவுப்பக்கம் பிசகினால் யாரும் நடந்து வீட்டுக்கு வரப்போவதில்லை. காலிப்பக்கம் மட்டும் பிசகக் கூடாது.

உங்கள் வண்டியில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று தாவினால் அது காந்தச் சுருள் வகைப் பழைய மீட்டர். மெதுவாக ஊர்ந்து ஏறினால், உள்ளே கம்பிச் சுருள் சூடாகி ஈருலோகப் பட்டையை வளைக்கும் வகை. இந்த இரண்டாவது வகைக்கு 10 வோல்ட் தரும் நிலைப்படுத்தி ஒன்று டேஷ்போர்டின் பின்னால் இருக்கும். அதற்கு எர்த் சரியில்லை என்றால் எண்ணெய் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே உயர்த்திக் காட்டும். வெப்ப முள் இல்லாத வண்டியில் இது எளிதில் பிடிபடாது. அதைச் சரிசெய்யாமல் மிதவையோடு மல்லுக்கட்டினால் ஒரு முடிவுக்கும் வர மாட்டீர்கள்.

எர்த் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மிதவைக்கும் தொட்டிக்கும் நடுவில் ரப்பர் வளையம், அதன்மேல் பூசிய பசை, தொட்டியின் பெயிண்ட். இத்தனையைத் தாண்டி மின்சாரம் எங்கே போகும்? மிதவையின் தட்டிலிருந்து சேசிசுக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்துவிடுங்கள். சோதனை எதையும் தொட்டியின் வாயருகே செய்யாதீர்கள். பேட்டரி முனையைக் கழற்றி, மிதவையை வெளியே எடுத்து, துடைத்து, தள்ளி வைத்து அளந்து பாருங்கள்.

"இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு குச்சியைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: போதும். அப்பாவும் மூங்கில் குச்சியில் கோடு போட்டு வைத்திருந்தார். ஆனால் முள் சரியாக இருந்த காலத்திலும் அவர் அந்தக் குச்சியைக் கைவிடவில்லை, அது வேறு கதை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியைப் பழைய வாகனக் கண்காட்சி ஒன்றுக்குக் கொண்டுபோயிருந்தேன். பக்கத்தில் அட்டை வைத்திருந்தார்கள். தயாரித்த நாடு, எஞ்சின் கொள்ளளவு, எந்த நிர்வாகி வைத்திருந்தார் என்பது வரை எழுதியிருந்தது. ஓட்டியவர் பெயருக்கு இடமே இல்லை. பேனாவை எடுத்து நானே எழுதினேன். ஏற்பாட்டாளர் ஓடி வந்து, "அட்டையில் கிறுக்கக் கூடாது" என்றார். விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்பே எழுந்து இந்த வண்டியைத் துடைத்தவர், பாயிண்ட் தேய்த்தவர், ஆற்று வெள்ளத்தில் சிக்கியபோது கார்ப்புரேட்டரைக் கழற்றிக் காயவைத்தவர், பிரசவ வலியில் துடித்த பெண்களை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், எல்லாம் ஒருவர்தான். அவர் பெயரை எழுதினால் அது கிறுக்கல் என்கிறார்கள். தோட்டத்து மக்கள் என்றால் ரப்பர் பால் வெட்டினார்கள், செம்பனைக் குலை சுமந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டைனமோவையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் புத்தகம் பார்க்காமலே பிரித்துப் பூட்டியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். போகட்டும், உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லை.

மிதவையின் இரண்டு அளவையும் எடுத்ததும் இங்கேயே எழுதுங்கள். காலியில் எத்தனை ஓம், நிறைவில் எத்தனை ஓம் என்று இரண்டும் வேண்டும். சாவியைத் திருப்பியதும் முள் தாவுகிறதா ஊர்கிறதா என்பதையும் சொல்லுங்கள். திசை சரியாக இருந்து அளவு மட்டும் கூடுதலாக இருந்தால், எந்த ரெசிஸ்டரை இணையாகச் சேர்ப்பது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். எடுத்துக்காட்டாக, 240–33 மிதவையோடு 105 ஓமை இணைத்தால் காலி 73 ஆகிவிடும், நிறைவு 25 ஆகும். ஃபோர்டு மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது உதவும். கடையில் வாங்கிய மிதவையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பெட்ரோல் வாடை ஏறிய பொருளை அவர்கள் திரும்ப வாங்க மாட்டார்கள்.