சிறிய வீட்டில் நீர்த்தாவரத் தொட்டி: கேள்வி பதில்

கேள்வி: ஒரே கூடம் உள்ள வீட்டில் இரண்டடித் தொட்டி வைக்க ஆசைப்படுகிறேன். எங்கே வைக்கலாம்?

பதில்: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடிக்குச் சற்று அதிகமான உயரம் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்ந்தால் எடை 80 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், புத்தக அலமாரியின் மேல் வைக்காமல், அசையாத தாங்கியில், வெயில் நேரடியாக விழாத சுவரோரமாக வையுங்கள். இடம் மிச்சமாகும் என்று 10 லிட்டர் தொட்டியை வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விரைவாக அதன் வெப்பமும் கழிவின் அளவும் மாறும்; புதியவர்களுக்குச் சிறிய தொட்டியே கடினமானது.

கேள்வி: நேற்றுத்தான் செடிகளை நட்டேன். தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. நாளை மீன் விடலாமா?

பதில்: வேண்டாம், பொறுத்திருங்கள். தெளிந்த தண்ணீர் எல்லாம் மீனுக்கு உகந்த தண்ணீர் ஆகிவிடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், அதை வேறொரு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் சிறிதளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. நைட்ரேட்டோ செடிக்கு உரம். இந்த பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மண்ணிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக இருந்து, நைட்ரேட் மட்டும் தென்படும் நாளில் இரண்டு மூன்று சிறு மீன்களை விடுங்கள். பிற்பாடு வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் அலசாதீர்கள். குளோரின் பட்டால் இத்தனை வார உழைப்பும் வீணாகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்து கழுவுங்கள்.

கேள்வி: அனுபியாஸ் செடியை நன்றாக ஆழமாகத்தான் நட்டேன். இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கின்றன. ஏன்?

பதில்: ஆழமாக நட்டதுதான் காரணம். என் முதல் அனுபியாஸையும் இப்படித்தான் இழந்தேன். வெளியே எடுத்துப் பாருங்கள்: விரல் தடிமனில் ஒரு பச்சைத் தண்டு கிடைமட்டமாக ஓடும், மேலே இலையும் கீழே வேரும் அதிலிருந்தே கிளம்பும். அந்த மட்டநிலத்தண்டு மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும். கூழாகிப்போன பகுதியைக் கத்தியால் வெட்டி நீக்கிவிட்டு, உறுதியாக உள்ள துண்டை ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். ஜாவா ஃபெர்னுக்கும் இதே முறைதான்.

கேள்வி: கிரிப்டோகோரைன் செடியின் இலைகள் ஒரே வாரத்தில் கரைந்துவிட்டன. பிடுங்கிவிடவா?

பதில்: பிடுங்காதீர்கள். இடம் மாறினால் அது இலையை உதிர்ப்பது இயல்பு. வேர் உயிரோடிருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும்.

கேள்வி: தினமும் 12 மணி நேரம் விளக்கு எரிகிறது, உரமும் போடுகிறேன். செடியைவிடப் பாசிதான் செழிக்கிறது.

பதில்: செடி பயன்படுத்த முடியாத வெளிச்சம் பாசிக்குப் போகிறது. செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைத் தனியாகச் செலுத்தாத தொட்டிக்கு 6 முதல் 8 மணி நேரமே போதும். கைமறதிக்கு இடம் தராமல் ஒரு டைமரைப் பொருத்திவிடுங்கள். ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் போன்ற விரைந்து வளரும் செடிகளை நெருக்கமாக இட்டால், பாசிக்கு முன்பே அவை சத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தொட்டியின் கண்ணாடியில் படியும் பழுப்புத் தூசு போன்ற பாசிக்காக மட்டும் கவலைப்பட வேண்டாம். துடைத்தால் போய்விடும், தொட்டி முதிர்ந்தால் பெரும்பாலும் வராமலே நின்றுவிடும். பாசிக்கொல்லி மருந்தை நான் பரிந்துரைப்பதில்லை. செம்பு கலந்த மருந்தாக இருந்தால் இறால்கள் மடிந்துவிடும்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு உருளை வைத்தேன். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன.

பதில்: உடனே தண்ணீரின் மேற்பரப்பு கலங்கும்படி காற்றுக் குழாயைப் போடுங்கள். இருட்டில் செடிகள் ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. மீனைப்போல அவையும் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகின்றன. அதன்மேல் நீங்களும் இரவெல்லாம் செலுத்தினால் மீன் திணறாமல் என்ன செய்யும்? விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவை நிறுத்திவிட வேண்டும். உண்மையில், மேலே சொன்ன செடிகளுக்கு உருளையே தேவையில்லை. சிறிய வீட்டில் எளிய செடிகளோடு தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வெட்டிய செடிகளையும் பழைய தண்ணீரையும் என்ன செய்வது?

பதில்: தண்ணீரைப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றுங்கள், அதிலுள்ள நைட்ரேட் அவற்றுக்கு உணவாகும். வெட்டிய தண்டுகளை மட்டும் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். ஹைட்ரில்லாவின் ஒரு கணு போதும், புது நீர்நிலையில் வேரூன்றிப் பரவிவிடும். வெயிலில் சருகாகும்வரை காயவைத்து, அதே பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள்.